கேட்காமல் கிடைத்தவை

நண்பர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது இது: "இப்பல்லாம் நான் பாட்டைத் தேடுறதே இல்ல. எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு முன்னாடி போனுக்கே தெரிஞ்சிடுது." பெருமையாகத்தான் சொன்னார். மறுத்துப் பேச எனக்கும் எதுவும் தோன்றவில்லை. என் போனும் அப்படித்தான். ஒரு பாட்டைக் கேட்டால் அதே சாயலில் இன்னும் பத்துப் பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன. பிறகு என்ன குறை? இதுதான் என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போக மறுத்தது.

இத்தனை வருடங்களில் எந்த இசை, எந்தக் கதை என்னிடம் தங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வந்தவை எல்லாம் விசித்திரமாக இருந்தன. விபத்தில் இறந்துபோன ஓர் எஞ்சின் டிரைவரைப் பற்றிய பாட்டுக்கதை. கனடாவின் வடகோடியைப் பற்றி ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேசிக்கொண்டே போகும் ஒரு மணி நேரம். தோட்டத்தில் செல்லோ வாசிக்கும் பெண்ணும் கூடவே பாடும் பறவையும். மண்ணுக்கடியில் கிடந்து மீண்டு வந்த சோமாலியப் பாட்டுகள். ஒன்றைக்கூட நான் தேடிப் போகவில்லை. நான் அதுவரை கேட்டவற்றை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இவை எதுவும் என் பக்கம் வந்திருக்காது. எல்லாமே பொதுப்பணத்தில் ஓடும் வானொலிகளின் வழியாகத் தற்செயலாகக் காதில் விழுந்தவை. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் எனக்குப் பிடிக்கவே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்த இரண்டாவது விஷயம்தான்.

தம்புராவின் மேல் ஒரு வயலின்

ஆகாசவாணியின் அடையாள இசையை இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது மனதுக்குள்ளேயே இசைத்துக் காட்டிவிடுவார்கள். தம்புரா சுருதிக்கு மேல் வயலின் எழுந்து வருமே, அதுதான். சிவரஞ்சனியின் சாயல் இருப்பதால் யாரோ நம்மூர் வித்வான் அமைத்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அமைத்தவர் வால்டர் காஃப்மன், செக் நாட்டு யூதர். 1907இல் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தவர். நாஜிகள் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934இல், பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அந்த வயலினை வாசித்தவர் மெஹ்லி மேத்தா, அதாவது உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா, என்று ஒரு பேச்சு உண்டு.

காஃப்மனைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த இசை அல்ல. இந்திய இசைத்தட்டுகளை முதன்முதலில் கேட்டபோது அவருக்கு அவை அந்நியமாக இருந்தன, ஒன்றுமே புரியவில்லை. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன தீர்வுதான் அழகு. மனமும் அறிவும் உள்ள மனிதர்கள் உருவாக்கிய இசை இது, கோடிக்கணக்கானவர்கள் இதை நேசிக்கிறார்கள், அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான் இருக்க வேண்டும், அது பிறந்த இடத்துக்கே போய்ப் படிப்பதுதான் சரி என்ற தொனியில் எழுதுகிறார். பிடிக்காத இசையைக் கேட்ட ஒரு மனிதர் அந்த இசையை மாற்றிப் போடாமல் தன்னை மாற்றிக்கொள்ளக் கிளம்பியிருக்கிறார். பிறகு கனடாவில் வினிபெக் சிம்பொனிக்கு நடத்துநராக இருந்து, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வட இந்திய ராகங்களைப் பற்றியும் தென்னிந்திய ராகங்களைப் பற்றியும் தனித்தனியாகத் தடித்த புத்தகங்களே எழுதினார்.

நம் கையில் இருக்கும் போனில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு இருக்கிறது. பிடிக்கவில்லையா, தள்ளிவிடு. தள்ளிவிட்டதும் அது குறித்துக்கொள்கிறது. இனி அந்தப் பக்கத்துச் சரக்கு உங்களிடம் வராது. காஃப்மனிடம் அப்படி ஒரு கருவி இருந்திருந்தால், முதல் இசைத்தட்டின் முதல் நிமிடத்திலேயே இந்தியாவின் சங்காத்தம் முடிந்திருக்கும்.

கையில் சோப்பு இருந்த இரவு

க்ளென் கூல்ட் என்ற கனடியப் பியானோ கலைஞரை மேற்கத்திய இசை கேட்பவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1964இல், புகழின் உச்சியில் இருந்தபோதே, இனி மேடையில் வாசிக்கமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டவர். அதன்பின் அவர் கனடாவின் பொது வானொலியான சிபிசிக்காகச் சில ஒலிச்சித்திரங்கள் செய்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் இரவு ஏதோ ஒரு வானொலியை ஓடவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பேச ஆரம்பித்தார். விமானத்தில் வடக்கே போனதையும் கீழே பனி பெய்யத் தொடங்கியிருந்ததையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். நன்றாக இருக்கிறதே என்று காதைக் கொடுத்த நேரத்தில், அவர் பேச்சுக்கு மேலேயே ஓர் ஆண் குரல். "வடக்கே போனேன், வடக்கே போனேன்" என்று பெருமையடிப்பவர்களைக் கிண்டல் செய்கிற குரல். பெண் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் மூன்றாவது குரல். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எரிச்சலாக இருந்தது. மாற்றிவிடலாம் என்றால் இரண்டு கையிலும் சோப்பு. சரி, இந்தக் குக்கரைத் தேய்த்து முடித்துவிட்டு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன்.

குக்கரை முடிப்பதற்குள் ஏதோ நடந்தது. முதலில் காது ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விரட்டப் பார்த்தது. முடியவில்லை. பெண்ணைப் பிடித்தால் ஆணின் வாக்கியத்திலிருந்து ஒரு சொல் குறுக்கே வந்து விழுகிறது. அவனைப் பிடித்தால் அவளுடைய குரலின் ஏற்ற இறக்கம் பின்னாலிருந்து இழுக்கிறது. ஒரு கட்டத்தில் அர்த்தத்தைத் துரத்துவதை விட்டுவிட்டேன். விட்டதும் மூன்றும் மூன்று வாத்தியம்போல ஒலிக்கத் தொடங்கின. ஒன்று மேலே போகும்போது இன்னொன்று தணிகிறது. ஒருவர் சொன்ன அதே சொல்லை இன்னொருவர் வேறொரு எண்ணத்தோடு சொல்லிக் கடக்கிறார். இது தற்செயல் இல்லை, யாரோ உட்கார்ந்து நொடி நொடியாகக் கோத்திருக்கிறார்கள் என்று புரிந்தபோது குழாயை மூடிவிட்டு நின்றேன்.

அந்த நிகழ்ச்சி 1967 டிசம்பர் 28 அன்று ஒலிபரப்பானது. கனடா நூறாண்டு நிறைவைக் கொண்டாடிய வருடம் அது. பேசியவர்கள் மொத்தம் ஐந்து பேர், எல்லாரும் கனடாவின் வடபகுதியை வேலை நிமித்தமாக அறிந்தவர்கள். கூல்ட் அவர்களைத் தனித்தனியாகப் பேட்டி கண்டு பதிவு செய்தார். ஒருவரை ஒருவர் சந்திக்கவே இல்லை. அந்த நாடாக்களை வெட்டி ஒட்டி, வினிபெக்கிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பும்படி செய்துவிட்டார். அடியில் ரயிலின் ஓசை விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் இசையில் பல குரல்கள் ஒன்றையொன்று பின்னிப் போகும் முறையை மனிதப் பேச்சில் செய்து பார்த்திருக்கிறார். கடைசிப் பகுதியில் மட்டும் ஒரே ஒரு முதியவர் பேசுவார், பின்னணியில் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ஐந்தாவது சிம்பொனி எழுந்துவரும். சிபேலியஸ் என்ற பெயரே அன்றுதான் எனக்கு இசையாக மாறியது. அடுத்த வாரம் முழுக்க அந்தச் சிம்பொனியைத்தான் கேட்டேன்.

நண்பருக்கு என்ன பதில் சொல்வது என்பதன் நுனி எனக்குப் பிடிபட்டதும் அந்த இரவை நினைத்துப் பார்த்தபோதுதான். மனிதன் தேர்ந்தெடுப்பதா, இயந்திரம் தேர்ந்தெடுப்பதா என்பது அல்ல விவகாரம். மோசமாகத் தேர்ந்தெடுக்கும் மனிதர்கள் ஏராளம். என்னைச் சலிப்படைய வைக்க யாருக்குத் துணிவு இருக்கிறது என்பதுதான் விவகாரம். நான் எந்த நொடியில் எழுந்து போகிறேன் என்பதை வைத்து வருமானம் பார்க்கும் எவராலும் மூன்று பேரை ஒரே நேரத்தில் பேசவிட முடியாது. முதல் நிமிடத்திலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். பொது வானொலிக்கு அந்தக் கவலை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கவலை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கழுத்தைப் பிடிப்பதில்லை. பாதிப் பேர் போனால் போகட்டும், மீதிப் பேருக்கு இது வேண்டும் என்று ஒரு தயாரிப்பாளர் நினைத்துக்கொள்ள அங்கே கொஞ்சம் இடம் உண்டு.

எஞ்சின் டிரைவரின் கதை

அந்த இடத்தில் முளைத்தவற்றுள் எனக்கு நெருக்கமானது பிபிசியின் ரேடியோ பாலட், அதாவது வானொலிப் பாட்டுக்கதை, வரிசை. அதில் முதலாவது 1958இல் வந்தது. கதை இதுதான். 1957 பிப்ரவரி 9 அன்று ஜான் ஆக்சன் என்ற டிரைவர் ஒரு சரக்கு ரயிலை ஓட்டிச் செல்கிறார். பிரேக்குக்குப் போகும் நீராவிக் குழாய் உடைந்து, கொதிக்கும் நீராவி எஞ்சின் அறைக்குள் பீறிடுகிறது. உதவியாளரைக் குதிக்கச் சொல்லிவிட்டு, ஆக்சன் மட்டும் எஞ்சினின் வெளிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். வண்டி மலைச்சரிவில் இறங்கி வேகம் பிடிக்கிறது. கடைசிவரை விடாமல் இருந்த அவர், சேப்பல் என் லே ஃப்ரித் என்ற இடத்தில் முன்னால் இருந்த இன்னொரு சரக்கு ரயிலில் மோதி இறந்துபோனார். அந்த ரயிலின் கார்டும் இறந்தார். ஆக்சனுக்கு வீரச் செயலுக்கான ஜார்ஜ் சிலுவை விருது கொடுத்தார்கள்.

சார்லஸ் பார்க்கர் என்ற தயாரிப்பாளரும் இவான் மக்கோல் என்ற பாடகரும் இதை நிகழ்ச்சியாக்கப் போனார்கள். அந்தக் கால வழக்கப்படி சாதாரண மனிதர்களிடம் விஷயத்தைக் கேட்டு வந்து, எழுதி, நடிகர்களை வைத்துப் பேசவைப்பதுதான் முறை. இவர்களும் அப்படித்தான் கிளம்பினார்கள். ஆனால் ரயில்வே தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வந்து கேட்டுப் பார்த்தபோது, எந்த நடிகராலும் இதைத் தொட முடியாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவர்களுடைய சொந்தக் குரலையே வைத்து, இடையிடையே பாட்டைக் கட்டினார்கள். பெகி சீகர் இசையைக் கவனித்துக்கொண்டார். ஒரு டிரைவர் அதில் சொல்வார்: பிளாக்பூல் மிட்டாய்க் குச்சியில் பெயர் ஓடுவதுபோல எங்கள் முதுகெலும்புக்குள் ரயில்வே ஓடியது. பிளாக்பூல் ஒரு கடற்கரை ஊர். அங்கே விற்கும் குச்சிமிட்டாயை எந்த இடத்தில் உடைத்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் தெரியும். இப்படி ஒரு வாக்கியத்தை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது.

எனக்கு இங்கிலாந்து நாட்டுப்புறப் பாட்டு அதற்குமுன் அவ்வளவாகப் பிடிக்காது. எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே கேட்கும். இதில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஆரம்பித்தவுடன் அதே சலிப்புதான் வந்தது. கதை விடாமல் இழுத்ததால் இருந்தேன். பாதியில்தான் தெரிந்தது, பாட்டின் தாளமே அந்த மனிதர்களின் பேச்சிலிருந்து வருகிறது. டிரைவர் பேசி நிறுத்திய வேகத்திலேயே பாட்டு எடுக்கிறது. அதன்பின் அந்த வரிசையில் வந்த மற்றவற்றையும் தேடிக் கேட்டேன். வடகடலில் ஹெரிங் மீன் பிடித்தவர்களைப் பற்றியது இதைவிடவும் ஒரு படி மேல். சாம் லார்னர் என்ற எண்பது வயது மீனவர் அதில் பேசுகிறார், பாடுகிறார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மொத்தம் எட்டு நிகழ்ச்சிகள், 1964 வரை. அப்புறம் செலவைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். பொது வானொலியின் துணிவுக்கும் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு.

வானொலிக்கும் ரயிலுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ தெரியவில்லை. கூல்டின் நிகழ்ச்சியில் ரயில், ஆக்சனின் கதையில் ரயில். பாரீஸில் பியர் ஷெஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ஒரு ரயில் நிலையத்தில் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, அதை மட்டுமே அடுக்கி இசை என்று சொல்லி 1948இல் ஒலிபரப்பினார். இன்று சினிமா இசையில் சத்தங்களை வெட்டிச் சேர்த்து விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டின் கொள்ளுத்தாத்தா அவர். கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிடம்கூட இருக்காது. எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

பறவையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற செல்லோ கலைஞர் தன் தோட்டத்தில் வாசிக்கும்போது நைட்டிங்கேல் பறவை கூடவே பாடுவதைக் கவனித்தார். பிபிசியை நச்சரித்து 1924 மே 19 இரவில் நேரடியாக ஒலிபரப்ப வைத்தார். பறவை வெகுநேரம் வாயைத் திறக்காமல், நேரம் முடியப்போகும்போது பாடியது. சுமார் பத்து லட்சம் பேர் கேட்டதாகச் சொல்கிறார்கள். பின்னர் ஆண்டுதோறும் இது நடந்தது. 1942இல் அதே தோட்டத்தில் மைக் வைத்துக் காத்திருந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியை நோக்கித் தலைக்குமேல் போயின. நேரடி ஒலிபரப்பு எதிரிக்குத் துப்புக் கொடுத்துவிடும் என்று பொறியாளர் இணைப்பைத் துண்டித்தார். பதிவு மட்டும் ஓடியது. அந்தப் பதிவில் முதலில் பறவை. பிறகு தூரத்தில் ஒரு முனகல், அது மெல்ல வளர்ந்து வானம் முழுக்க இரைச்சலாகிறது. பறவை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்கிறது. முதல் வருடம் பாடியது பறவையே அல்ல, விசிலடிப்பதில் கைதேர்ந்த ஒரு கலைஞர்தான் என்ற சந்தேகம் பெரிதாகக் கிளம்பியது 2022இல். இந்தச் சர்ச்சையையும் நான் முதலில் கேட்டது வானொலியில்தான்.

கதவை அடைத்தவர்களும் அவர்கள்தான்

இவ்வளவு தூரம் புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவருக்குத் தள்ளிவைக்கும் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது. 1940இல் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கட்டைகளில் சுரங்கள் தனித்தனியாக நிற்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகத்துக்கு இடமில்லை என்பது காரணம். அதன் டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரும் ஆர்மோனியத்தை எதிர்த்தவர். இந்திய இசையைக் காப்பாற்ற வெள்ளைக்காரர் ஒருவரும் சேர்ந்து போராடியிருக்கிறார். காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் ஊராக ஆர்மோனியத்தை வைத்துத்தான் நாடகம் நடந்தது, பஜனை நடந்தது. அத்தனையும் வானொலிக்கு வெளியே நின்றது. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது.

அடுத்தது சினிமாப் பாட்டு. 1952 முதல் பத்து வருடம் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி, ஆகாசவாணியில் அதைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார். நேயர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த கதை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்த விவித் பாரதி ஆகாசவாணியில் பிறந்ததற்கு நேயர்களை இழந்த அந்த நஷ்டம்தான் காரணம். இதே கேஸ்கர் காலத்தில்தான் இசையின் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது, வித்வான்களுக்கு நாடு முழுக்கக் கேட்பவர்கள் கிடைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளின் பிடிவாதம் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை அடைத்தது.

இதைச் சொன்னால் நண்பர் சும்மா இருப்பாரா? "பார்த்தியா, உனக்கு என்ன பிடிக்கணும்னு அமைச்சர் முடிவு பண்ணுறதைவிட என் போன் எவ்வளவோ தேவல" என்றார். பாதி ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். என் வாதம் கேஸ்கரைக் காப்பாற்றுவது அல்ல. தனக்குப் பிடிக்காததை அடைத்தது அவர் செய்த காரியம். போன் எனக்குப் பிடிக்காததை அடைக்கிறது. அவரிடமிருந்து தப்பிக்க முள்ளைத் திருப்பினால் போதும், அந்தப் பக்கம் கொழும்பு இருந்தது. என் ரசனையிலிருந்தே நான் தப்பிக்க வேண்டுமென்றால் எந்த முள்ளைத் திருப்புவது? நண்பர் இதற்குச் சிரித்தார். தப்பிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லையாம். இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

தடைகள் சில சமயம் நல்லதும் செய்துவிடும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு ஒலிக்கலாம் என்று இங்கிலாந்தில் வெகுகாலம் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இசைக் கலைஞர்களின் பிழைப்பைப் பாதுகாக்க வந்தது. மீதி நேரத்தை நிரப்ப பிபிசி குழுக்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் புதிதாக வாசிக்கச் சொன்னது. ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை தன் நிகழ்ச்சிக்காக அப்படி வரவழைத்த அமர்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பலர் பேர் தெரியாத பையன்களாக உள்ளே போனவர்கள். பீல் சில சமயம் இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டுவிடுவார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பப் போடுவார். அதையும் மக்கள் ரசித்தார்கள்.

மண்ணுக்கடியில் பாட்டு

சோமாலிய நாடாக்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஹர்கேசா நகரின் வானொலி நிலையத்தில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பாட்டுகள், நாடகங்கள் எல்லாம் நாடாக்களில் இருந்தன. 1988இல் சோமாலியச் சர்வாதிகாரி சியாத் பாரேயின் அரசு தன் சொந்த நகரத்தின்மீதே விமானங்களை ஏவிக் குண்டு போட்டது. அந்த விமானங்கள் கிளம்பியது அதே ஊரின் விமான நிலையத்திலிருந்து. வானொலியைத்தான் முதலில் குறிவைப்பார்கள் என்று ஊகித்த சிலர் நாடாக்களை வெளியே கடத்தினார்கள். எத்தியோப்பியாவுக்கும் ஜிபூட்டிக்கும் கொஞ்சம் போனது. மீதியை மண்ணில் புதைத்து வைத்தார்கள். பிறகு தோண்டி எடுக்கப்பட்டு, ஹர்கேசாவின் பண்பாட்டு மையம் ஒன்றில் இன்று ஆயிரக்கணக்கான நாடாக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பு 2017இல் வெளியாகி கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல்வரை போனது.

எனக்கு இது ஓர் அமெரிக்கப் பொது வானொலியின் செய்தித் தொகுப்பில் தற்செயலாகக் கிடைத்தது. கதை முடிந்ததும் ஒரு பாட்டைப் போட்டார்கள். ஐந்து சுர அமைப்பு, நமக்கு மோகனத்தின் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் பழகிய வாசனை. அதன்மேல் ஒரு பெண் குரல், கீழே ஃபங்க் என்ற அமெரிக்க ஆட்ட இசையின் தாளம், எங்கேயோ இந்தி சினிமாவைக் கேட்ட கை வாசிக்கும் கீபோர்டு. மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கதையைக் கேட்காமல் பாட்டு மட்டும் என் பட்டியலில் வந்திருந்தால் பதினைந்து நொடியில் தள்ளியிருப்பேன், சந்தேகமே இல்லை. இங்கே முதலில் நாடாவைப் புதைத்த கைகளைப் பற்றிச் சொன்னார்கள், பிறகு பாட்டு வந்தது. வானொலி செய்யும் வேலையில் பாதி இந்த வரிசைதான். பாட்டு யார் கையிலிருந்து வருகிறது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை நாம் காத்திருக்கிறோம்.

அந்தச் செய்தித் தொகுப்பைத் தந்த ஏற்பாட்டுக்கே இப்போது ஆபத்து. அமெரிக்காவில் பொது வானொலி நிலையங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பணம் பிரித்துக் கொடுத்துவந்த அமைப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அந்த அமைப்பு கடையைக் கட்டுவதாக அறிவித்தது. பெரிய நகர நிலையங்கள் நேயர்களிடம் நன்கொடை வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். அடி விழுவது அலாஸ்காவில் யூபிக் என்ற பூர்வகுடி மொழியில் செய்தி சொல்லும் சின்ன நிலையம் போன்றவற்றின்மேல். அப்படிப்பட்ட ஊர்களில் அந்த மொழி பேசும் நேயர்களை எண்ணி எந்த விளம்பரதாரரும் வரப்போவதில்லை. "பாட்காஸ்ட் இருக்கிறதே" என்பவர்கள் அந்த நிலையத்துக்கு ஈடாக எதைக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, என் அனுபவத்தில் சொல்கிறேன். கூல்டை முதலில் எடுக்காதீர்கள், ஓடிப்போய்விடுவீர்கள். பிபிசியில் 1942 முதல் ஓடும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. விருந்தினர் ஆளில்லாத தீவுக்குப் போவதாக வைத்துக்கொண்டு, கூடவே கொண்டுபோகும் எட்டு இசைத்தட்டுகளைச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. பழைய நிகழ்ச்சிகள் ஏராளமாக இணையத்தில் கிடைக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த நடிகரையோ கிரிக்கெட் வீரரையோ விட்டுவிட்டு, பேரே கேள்விப்படாத ஒரு விஞ்ஞானியையோ நீதிபதியையோ எடுங்கள். எட்டில் ஆறு தேறாது. மீதி இரண்டைத் தேடிப் போவீர்கள். அது பழகியபின் மீனவர்களின் பாட்டுக்கதை. கூல்டுக்கு ஹெட்போன் இருந்தால் நல்லது, ஒருவர்மேல் ஒருவராகப் பேசுவார்கள். நண்பருக்கும் இதே வரிசையில்தான் அனுப்பிவைத்தேன். மீனவர்கள்வரை வந்திருக்கிறார். சாம் லார்னரின் குரல் நன்றாக இருக்கிறதாம், ஆனால் பாஞ்சோவைக் குறைத்திருக்கலாமாம்.